வெள்ளிக்கிழமை அவருக்கு இல்லை

ஆதிலட்சுமிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, வரும் ஏழு நாளைக்கும் என்ன சமையல் என்று எழுதிவிடுவாள். எழுதிய தாளைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் டேப் போட்டு ஒட்டுவாள். அதன்பிறகு அந்த வாரம் அவளுக்குக் கவலை கிடையாது.

அவள் பிறந்தது குள்ளஞ்சாவடிப் பக்கம். அப்பா, அம்மா இருவருக்கும் முந்திரித் தோப்பில் கூலி வேலை. இன்றைக்கு அடுப்பு எரியுமா என்பது, சாயங்காலம் அப்பா கையில் என்ன கொண்டுவருகிறார் என்பதைப் பொறுத்தது. "புதன்கிழம என்னா சோறுன்னு ஞாயித்துக்கிழமையே தெரியுது பாருங்க, அதான்க்கா எனக்கு வசதி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவள் கணவர் செங்குட்டுவன் நிலக்கரி மைன்ஸில் பதின்மூன்று வருஷம் கான்ட்ராக்ட்டில் இருந்து, பிறகு பெர்மனென்ட் ஆனவர். அதற்குப் பின்தான் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தார்கள். மூத்தவள் இளவேனில் பத்தாவது, சின்னவள் இசைப்பிரியா நாலாவது.

ஷிஃப்ட் வாராவாரம் மாறும் வீட்டில் திட்டம் இல்லாமல் ஓட்ட முடியாது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம் விடியுமுன் கட்டித் தரக்கூடிய புளிசாதம், எலுமிச்சை சாதம். செகண்ட் ஷிஃப்ட் என்றால் பகல் பதினொரு மணிக்கே முழுச் சாப்பாடு. சனிக்கிழமை அரைத்த மாவு செவ்வாய் வரைக்கும் வரவேண்டும். வாங்கிய கீரை திங்களே தீர்ந்துவிட வேண்டும். வியாழக்கிழமைக் கொண்டைக்கடலையைப் புதன் ராத்திரி ஊறப்போட வேண்டும். எல்லாம் அந்தத் தாளில் இருக்கும்.

அந்தத் தாளை வைத்துத்தான் இது நடந்தது. இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை நான் அவள் சமையலறைக்குள் கால் வைத்ததே இல்லை. வாசலோடு பேசிவிட்டு வந்துவிடுவேன்.

போன கார்த்திகையில் அடைமழை. எங்கள் பிளாக்கில் மரங்கள் அதிகம். மழை நாளில் பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட வேண்டும். எதிர்வரிசையில் பாதி வீடுகள் காலியாகிப் பூட்டிக் கிடக்கின்றன, ஜன்னல் வழியாகக் கொடி உள்ளே போய்விட்டது. மைன்ஸில் வெடி வைக்கும்போது ஆளில்லாத அந்த வீடுகளின் கதவுகள் எல்லாம் ஒன்றாக ஆடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆதிலட்சுமி பழைய டேப்பைப் பிய்த்தபோது அலமாரிக் கதவின் பச்சைப் பெயிண்டும் ஒரு பட்டையாக உரிந்து வந்தது. அடியில் பழைய பலகை. பலகையில் நீலப் பென்சிலில், குண்டு குண்டாக ஒரு வரி: திங்கள் – கீரை மசியல், அப்பளம்.

கையில் இருந்த தன் தாளைப் பார்த்தாள். அதிலும் திங்களுக்குக் கீரை மசியல்தான். சிரிப்பு வந்தது. மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னாள்: "எனக்கு முன்னாடி ஒருத்தி இதே வேலையாப் பண்ணிகினு இருந்திருக்காக்கா."

நான் வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, குக்கர் ஆவி பட்டு ஊறிய பெயிண்ட் இன்னும் கொஞ்சம் விழுந்தது. செவ்வாய் – ரெண்டு பேர் கூட, உருளைக்கிழங்கு. அன்று பதினொரு மணிக்கு வடலூரிலிருந்து செங்குட்டுவனின் பெரியப்பா மகனும் அவர் மனைவியும் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆதிலட்சுமி உருளைக்கிழங்கை அரிந்துகொண்டிருந்தவள், அரிவாள்மணையை விட்டு எழுந்து போய் அந்த வரியை மறுபடி படித்தாளாம்.

புதன்கிழமை மூன்றாவது வரி வெளியே வந்தது. புதன் – சின்னவளுக்குக் கஞ்சி. பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். இசைப்பிரியாவுக்கு உடம்பு கொதிக்கிறது, வந்து அழைத்துப் போங்கள்.

வியாழக்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஈரக்கை. கையில் செல்போன்.

"அக்கா, மிச்சமும் வுழுந்துடுச்சி. பாருங்க."

போட்டோவில் புதிதாக நான்கு வரிகள் தெரிந்தன. வியாழன் – கத்தரிக்காய், கருவாடு. வெள்ளி – அவருக்கு இல்லை. அதற்குக் கீழே சனி, ஞாயிறு என்று கிழமை மட்டும் எழுதியிருந்தது. எதிரே ஒன்றும் இல்லை.

"இது யாரு எழுத்து? உங்களுக்குத் தெரியும். நீங்க இருபது வருஷமா இங்க கீறீங்க."

தெரியும். அந்தக் குண்டெழுத்தில் எனக்கு எத்தனையோ துண்டுச் சீட்டு வந்திருக்கிறது, ரசப்பொடிக்கு அளவு கேட்டும், ஊறுகாய்க்கு அளவு சொல்லியும். "சுப்புலட்சுமி எழுத்து. அவ வூட்டுக்காரரு பரமசிவம் தெர்மல் பவர் ஹவுசுல வேலைல இருந்தாரு."

"இப்ப எங்க கீறாங்க?"

"அவ பண்ருட்டியில மவளோட இருக்கா. அவரு தவறிட்டாரு."

"எப்போ?"

"ஒம்போது வருஷம் ஆவுது."

"என்னா கெழம?"

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தே வெள்ளிக்கிழமை என்று அவள் புரிந்துகொண்டாள்.

அப்போதுதான் அவள் தன்னுடைய தாளையும் என்னிடம் நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமையே எழுதியது. வெள்ளி – அவருக்கு வெளியில சாப்பாடு. செங்குட்டுவனுக்கு அன்று வீக்லி ஆஃப். கூட வேலை பார்ப்பவர் ரிட்டயர் ஆகிறார், ஒரு மண்டபத்தில் பிரியாணி விருந்து.

"நான் போய் அந்தம்மாவப் பாத்துட்டு வந்துடறேன். சின்னவளப் பாத்துக்கோங்க" என்றாள். என்னையும் கூப்பிட்டாள். முழங்கால் வலி என்று சொல்லி நான் போகவில்லை. அது பொய்.

அன்று முழுக்க இசைப்பிரியா என் வீட்டுக் கட்டிலில் போர்த்திப் படுத்திருந்தாள். ஒன்றரை மணி இருக்கும். கண்ணைத் திறந்து, "பெரியம்மா, எங்க வூட்டு கேட்டு சத்தம் கேக்குது. அம்மா வந்துட்டாங்களா?" என்றாள். எட்டிப் பார்த்தேன். கேட்டில் பூட்டு போட்டபடியே இருந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

பண்ருட்டியில் நடந்ததை ஆதிலட்சுமி சாயங்காலம் வந்து சொன்னாள்.

சுப்புலட்சுமி முற்றத்தில் உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாளாம். போட்டோவைக் காட்டியதும் வெகுநேரம் பார்த்தாள். "அந்த எழுத்து இன்னும் கீதா? மூணு வாட்டி பெயிண்ட் அடிச்சேனே" என்றாள். பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நாத்தனார் புருஷனோடு வருவதாக முன்பே கடிதம் இருந்தது. சின்னவளுக்குச் சனிக்கிழமையிலிருந்தே வயிறு சரியில்லை. அதனால் புதன் வரை கஞ்சி.

"வெள்ளிக்கெழம?" என்று ஆதிலட்சுமி கேட்டிருக்கிறாள்.

"அவரு செக்சன்ல யாரோ ரிட்டயர் ஆவுறாங்கன்னு விருந்து. எனக்குச் சோறு வேணாம்னு ஞாயித்துக்கெழமையே சொல்லிட்டாரு. அதான் அப்படி எழுதினேன். அவரே வூட்டுல சாப்புடாதப்ப எதுக்கு ஒல வைக்கணும்னு புள்ளைங்கள இட்டுகினு அம்மா வூட்டுக்குப் போயிட்டேன். சனி, ஞாயிறும் அங்கதான்னு ஒண்ணும் எழுதல."

பரமசிவத்துக்குச் சர்க்கரை நோய். விருந்துக்குப் போகும் முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். அங்கே பந்தி போட இரண்டு மணி நேரம் தாமதம். உடம்பு நடுங்கவே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பானை கவிழ்த்து வைத்திருந்தது. திரும்பக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போனார். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தவரைச் சாயங்காலம்தான் யாரோ பார்த்தார்கள்.

"சக்கர டப்பா அலமாரியிலயே இருந்துச்சி. அந்தக் கதவத் தொறந்திருந்தா கைக்கு எட்டற எடம். அவருக்குத் தோணல" என்று சொல்லிவிட்டு சுப்புலட்சுமி மறுபடியும் பருப்பை எடுத்துத் தோல் உரிக்கத் தொடங்கினாளாம்.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டில் வாக்குவாதம் கேட்டது.

"விருந்துக்குப் போறவனுக்கு எதுக்குடி சோறு?"

"ரெண்டு வாய் சாப்ட்டுப் போங்க. நான் கேக்கறது அவ்ளோதான்."

"ஒனக்கு என்னாமோ ஆயிடுச்சி."

ஆனாலும் சாப்பிட்டார் போல. பன்னிரண்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆதிலட்சுமி கேட்டைப் பிடித்துக்கொண்டு, வண்டி முனை திரும்பும் வரை நின்றாள்.

ஒரு மணிக்கு மேல் என்னால் என் வீட்டில் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்காமல் நேராகச் சமையலறைக்குள் போனேன். அலமாரிக் கதவு திறந்திருந்தது. நேரில் பார்க்கும்போது அந்த எழுத்து, நேற்று எழுதியது போல அத்தனை நீலமாக இருந்தது.

"யாருக்கு இவ்ளோ சோறு?" என்றேன். அடுப்பில் பெரிய பானை.

"தெரியலக்கா. கொறைவா வைக்க மனசு வரல."

இருவரும் தரையில் உட்கார்ந்தோம். செங்குட்டுவனுக்கு இரண்டு முறை போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மழை விட்டிருந்தது. மரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் உள்ளறையில் தூங்கினாள்.

ஒன்றரை மணிக்கு கேட்டின் கொண்டி தூக்கும் சத்தம். அடுத்து, சிமெண்ட் தரையில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம். அந்த வீட்டில் சைக்கிளே கிடையாது.

நான் ஆதிலட்சுமியைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டது. அவள்தான் முதலில் எழுந்தாள். தட்டை எடுத்துச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். தட்டு ஓரத்தில் குழம்பு வழிந்தது. கூடத்துச் சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒருக்களித்த வாசல் கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"வாங்க. சோறு இருக்கு. சாப்டுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. கதவு அசையவில்லை. ஆனால் மரத்திலிருந்து சொட்டிய சத்தம்கூட அப்போது எனக்குக் கேட்கவில்லை.

அந்த அமைதியில்தான் ஒன்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"அன்னைக்கி நான் அவரப் பாத்தேன் ஆதி. என் ஜன்னல்ல இருந்து. உள்ள போனாரு, திரும்ப வெளிய வந்து இந்த வாசல்லயே நின்னாரு. என் ஜன்னலப் பாத்தாரு. கொடியில துணி போடறதுக்காவ எனக்கும் சுப்புலட்சுமிக்கும் அந்த வாரம் சண்ட. பேச்சு வார்த்த இல்ல. அதனால நான் தெரைய இழுத்து வுட்டுட்டேன். என் வூட்டுல சோறு இருந்துச்சி."

ஆதிலட்சுமி என்னைத் திட்டுவாள், இல்லை எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் மேசைமேல் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா கொழம்புக்கா அன்னைக்கி?" என்றாள்.

"மொச்சக்கொட்ட."

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

செங்குட்டுவன் மூன்று மணிக்கு வந்தார். போனை வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாராம். ஆதிலட்சுமி ஓடிப்போய் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பிரியாணியில கறியே வேவல. என்னா அழுவுற, பசிக்குது" என்றார். மேசையில் இருந்த தட்டை அவரிடம் கொடுக்க அவள் விடவில்லை. பானையிலிருந்து வேறாகப் போட்டுக் கொடுத்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் எந்தச் சத்தமும் கேட்டதாக அவள் சொன்னதில்லை. பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது அலமாரிக் கதவை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஏழு நாளுக்கும் எழுதுகிறாள், ஆனால் தாளை ஃபிரிட்ஜ்மேல் ஒட்டுகிறாள். வெளியில் சாப்பிடுகிறேன் என்று வீட்டில் யார் சொன்னாலும் அவர்களுக்கும் சேர்த்தே உலை வைக்கிறாள்.

மறுவாரம் என்னை விடாமல் பண்ருட்டிக்குக் கூட்டிப் போனதும் அவள்தான். சுப்புலட்சுமியின் முன்னால் உட்கார்ந்து, ஜன்னலையும் திரையையும் நானே என் வாயால் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் ஆதிலட்சுமிக்கும் இரண்டு இலை போட்டாள்.

"சாப்டுட்டுதான் போவணும்" என்றாள்.

தனக்கு இலை போட்டுக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்து, நான் கடைசிப் பருக்கை வரை தின்று முடிக்கும்வரை கண் எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.