பொத்தானுக்கும் சீட்டுக்கும் நடுவில்

எங்கள் பால் சங்கத்துக்கு ஒரு செயலி எழுதிக் கொடுத்தேன். எழுதியது எனக்குக் கஷ்டமாக இல்லை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்காக இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். கடைசிச் சில வருஷங்களாகக் கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எங்கள் வீட்டில் இருந்தபடியே செய்கிறேன். கஷ்டமாக இருந்தது, அந்தச் செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டும் வீடியோவை எடுத்ததுதான்.

வீடியோ கேட்டவர் சங்கத்தில் பால் அளக்கும் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் இறந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். காலையும் மாலையும் பால் அளந்து வரும் சம்பளத்தில்தான் அவர் வீடு நடக்கிறது. அதுவரை எடையையும் கொழுப்பையும் கையால் எழுதிச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இனிமேல் சங்கத்துப் போனில் ஏற்ற வேண்டும், பக்கத்தில் இருக்கும் சின்ன அச்சு இயந்திரத்தில் சீட்டு வரும் என்று முடிவானது. முடிவெடுத்தது சங்கத்தின் நிர்வாகக் குழு. அதை இங்கே மலையாளத்தில் சொல்வது போலப் பரணசமிதி என்றே எல்லோரும் சொல்வோம். மாதக் கடைசிக் கூட்டம் வரை பார்ப்பது, அக்காவுக்குச் சரிப்படவில்லை என்றால் கம்ப்யூட்டர் படித்த யாரையாவது அந்த இடத்தில் போடுவது என்றும் அதே கூட்டத்தில் பேசியிருந்தார்கள். அக்காவுக்கு அது தெரியும்.

"நேர்லயே வந்து காட்டீர்றனுங்க அக்கா" என்றேன்.

"நேர்ல காட்டுனா உங்க கையிதான் ஓடும் தம்பி. எனக்கு மண்டைல ஒண்ணும் நிக்காது. வீடியோவா எடுத்து உட்டுருங்க. ஊட்டுல உக்காந்து மறுக்கா மறுக்காப் பாத்துக்கறேன்."

நியாயமாகத்தான் பட்டது. ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

திரையைப் பதிவு செய்யும் மென்பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். முதலில் எடுத்தது நன்றாகவே பதிவு செய்தது. முடித்துப் பார்த்தால் அதன் பெயர் படத்தின் நட்டநடுவில், சரியாகக் கொழுப்பு அளவை எழுத வேண்டிய கட்டத்தின் மேல் நின்றது. காசு கட்டினால் போய்விடுமாம். இரண்டாவது, ஐந்து நிமிஷத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. நான் அது தெரியாமல் கடைசி வரை பேசி, நன்றி வணக்கமும் சொல்லி முடித்திருந்தேன். மூன்றாவது இணையத்திலேயே இயங்குவது. பதிவு முழுவதையும் மேலே ஏற்றிய பிறகுதான் வெட்டவோ ஒட்டவோ விடும். எங்கள் வீட்டில் தொழுவத்துக்குப் போனால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், சமையலறைக்கு வந்தால் கேரள டவரைப் பிடிக்கும். கம்பியில் வரும் இணையம் இருக்கிறதே என்று நம்பி ஏற்றினேன். முக்கால்வாசி ஏறியபோது கரண்டு போனது. திரும்ப வந்தபோது முதலிலிருந்து ஆரம்பித்தது.

நான்காவதைக் காசு கொடுத்தே வாங்கினேன். அது என் குரலை உதட்டசைவுக்குப் பிந்தியே கொண்டுவந்தது. என் முகம் படத்தில் வரத் தேவையில்லை என்று தீர்மானித்து, முகம் காட்டும் சின்ன வட்டத்தை அணைத்தேன். அதிலிருந்து நிம்மதி.

அடுத்தது சத்தம். மார்கழி தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் கிழக்கத்திக் காற்று பகல் முழுக்க வீசும். பனை ஓலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். என் பேச்சுக்குப் பின்னால் யாரோ தாள் கிழிப்பது போல அது பதிவானது. ஜன்னலைச் சாத்தினால் பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல் மோட்டார் கேட்டது. மோட்டார் நின்றால் மயில். மயில்கள் எங்கள் ஊரில் கோழியைப் போலத் திரிகின்றன. 'எடையை இங்கே எழுதுங்கள்' என்று நான் சொல்லி வாய் மூடியதும் ஒன்று கத்தும். நான் சொன்னதை மறுப்பது போலவே இருக்கும்.

எந்த அறையில் சத்தம் குறைவு என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பேசிப் பார்த்தேன். படுக்கையறை எதிரொலித்தது. சாமி அறையில் செருமக்கூட மனசு வரவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது மாட்டுக்கு வைக்கோல் அடுக்கி வைத்திருக்கும் அறையை. மூன்று பக்கமும் கூரை வரை வைக்கோல் கட்டுகள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் குரல் நம் வாயிலிருந்து வந்த அளவில் அப்படியே நின்றுவிடுகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து நுரைப் பலகை ஒட்டிய அறைகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன், இந்த அமைதி அங்கே இல்லை. ஒரே குறை, நாலு வாக்கியத்துக்கு ஒரு தும்மல்.

மடிக்கணினியோடு நான் அங்கே குடியேறியதைப் பார்த்த மனைவி கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, உள்ள ஆருகூடப் பேசீட்டு இருக்கறீங்க?"

"அக்காவுக்கு வீடியோ எடுக்கறேன்."

"மாட்டுக்குத் தீனி எடுக்கோணும். உங்க சினிமா முடிஞ்சாச் சொல்லுங்க."

தும்மலையெல்லாம் வெட்டி எடுக்க ஏதாவது வசதி உண்டா என்று தேடினேன். வாங்கிய மென்பொருளிலேயே இருந்தது. பேச்சில்லாத இடங்களைத் தானாகவே கண்டுபிடித்து நீக்கும் பொத்தான். நான் மெதுவாகப் பேசுகிறவன். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் யோசிக்கிறவன். பொத்தானை அமுக்கினேன். பன்னிரண்டு நிமிஷம் ஓடிய படம் ஏழு நிமிஷமானது. மனசு தயங்கிய இடமெல்லாம் போய், எல்லாம் தெரிந்தவன் போலப் பேசிக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம், செயலி எழுதி முடித்த அன்றுகூட இல்லை.

மனைவியிடம் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இது நீங்க பேசற மாதிரியே இல்லீங்க. ஆரோ பின்னால தொரத்தீட்டு வர்ற மாதிரி இருக்குது."

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே அக்காவின் போனுக்கு அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் புகார் வந்தது. சில பேருக்கு ஒரே வேளைப் பால் இரண்டு முறை ஏறியிருந்தது. ஆறு லிட்டர் ஊற்றியவர் கையில் ஆறாறு லிட்டராக இரண்டு சீட்டு. மறுநாள் வேறு சிலருக்கு. அக்கா ஒவ்வொன்றாக அழித்துச் சரிசெய்ய, வரிசை நீண்டது. எங்கள் வீட்டுப் பாலை மனைவிதான் கொண்டுபோய் ஊற்றுவாள். வரிசையில் நடந்த கேலியை வந்து சொன்னாள். "எம்மாடு ரெட்டைக் கறவை கறக்குதாமா அக்கா?" என்று ஒருவர். "இன்னொருக்கா அமுக்கி உடுங்கக்கா, கன்னும் போடட்டும்" என்று இன்னொருவர். அக்கா முதல் நாள் சிரித்தாராம். பிறகு சிரிக்கவில்லையாம்.

சங்கத்துப் பிரசிடென்ட் என்னை வழியில் நிறுத்தினார். வயதானவர், நல்லவர், எதையும் சட்டென்று முடித்துவிட நினைப்பவர். "உங்க மேல தப்பில்லீங்க. செயலி அருமையா இருக்குது. அந்தம்மாவுக்குத்தான் ஏறல. பாவந்தான், என்ன பண்றது? கூட்டத்துல பேசி வேற ஆளைப் பாத்துக்கலாம்."

நான் வீட்டுக்கு வந்து பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். இரட்டைப் பதிவுகள் எல்லாமே ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக, சில நொடி இடைவெளியில் வந்திருந்தன. அப்படியானால் பொத்தான் இரண்டு முறை அமுக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை அமுக்கியதும் பொத்தானை மங்கச் செய்துவிட்டால் மறுமுறை அமுக்க முடியாது. நாலு வரி வேலை. அதை எழுதினேன். ஆனால் ஏன் இரண்டு முறை அமுக்குகிறார் என்பது புரியவில்லை. கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. கைச்சீட்டுக் காலத்தில் அவர் எழுதியதில் தப்பு வந்ததாக யாரும் சொன்னதில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, பால் தூக்கை நானே எடுத்துக்கொண்டு போனேன். என் பாலை ஊற்றிவிட்டு, ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றேன். அக்கா என்னைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பாலைத் தராசில் வைத்தார். எடையை ஏற்றினார். மாதிரியை இயந்திரத்தில் வைத்துக் கொழுப்பைப் பார்த்து ஏற்றினார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கிட்டே போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, என் வாக்கியங்கள். நான் வைக்கோல் அறையில் சொன்னவை, ஒரு சொல் மாறாமல், நான் சொன்ன அதே வேகத்தில்.

"'பதிவு செய்' என்பதை அமுக்குங்கள். இதோ, சீட்டு வந்துவிட்டது."

அமுக்கினார். சீட்டு வரவில்லை. திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா ஈர விரலைப் பார்த்தார். புடவையில் துடைத்தார். மறுபடியும் அமுக்கினார்.

அங்கே நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. சங்கம் இருக்கும் இடத்தில் போன் எந்த டவரில் நிற்பது என்று முடிவு செய்யவே நேரமாகும். அதன் பிறகு பதிவு எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். நான் வீடியோ எடுத்தபோதும் அந்த வட்டம் சுற்றத்தான் செய்தது. அது சுற்றும்வரை நான் பேசாமல் காத்திருந்தேன். பேச்சில்லாத இடம் என்று மென்பொருள் அதை வெட்டிவிட்டது. என் வீடியோவில் பொத்தானை அமுக்கியதும் சீட்டு வருகிறது. அக்காவின் உலகத்தில் வரவில்லை. அமுக்கியது படவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்ததில் என்ன தவறு?

"அக்கா, அந்த வட்டம் சுத்தறப்ப என்ன நெனைப்பீங்க?"

"வெரலு ஈரமா இருக்குதல்லங்க, ஏத்துக்கலையாட்ட இருக்குதுன்னு நெனைப்பேன். வீடியோவுல உங்களுக்கு ஒடனே வந்துருதே." கொஞ்சம் தயங்கினார். "நாளைக்குக் கூட்டத்துல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. நீங்க சங்கடப்படாதீங்க."

மறுநாள், பால் அளக்கும் இடத்திலேயே நடந்த கூட்டத்துக்கு மடிக்கணினியைக் கொண்டுபோனேன். வெட்டாத வீடியோவும் வெட்டிய வீடியோவும் அதில் இருந்தன. பொத்தான் மங்கும் புதிய பதிப்பைச் சங்கத்துப் போனில் இன்னும் ஏற்றவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு ஏற்றலாம் என்று இருந்தேன். அக்கா கதவோரம் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அக்கா பார்த்த வீடியோ இதுதான் என்று வெட்டியதை முதலில் போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். அடுத்ததைப் போடுவதற்குள் பிரசிடென்ட் கை நீட்டினார்.

"இவ்வளவுதானுங்களா? இதென்ன பெரிய வித்தையா? அந்தப் போனை இப்படிக் குடுங்க. என்ற நம்பரையே போடறேன், காலைல ஏழு லிட்டர் ஊத்துனேன்."

போட்டார். எல்லாம் சரியாகவே போட்டார். 'பதிவு செய்' என்பதை அமுக்கினார். வட்டம் சுற்றத் தொடங்கியது. கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"என்னுங்க, நின்னு போச்சா?" என்று மறுபடி அமுக்கினார்.

அச்சு இயந்திரம் ஒரு சீட்டைத் தள்ளியது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் தள்ளியது.

கதவோரத்தில் இருந்து அக்காவின் குரல் வந்தது.

"பிரசிடென்ட் ஊட்டு மாட்டுக்கும் ரெட்டைக் கறவைங்க."

முதலில் சிரித்தவர் பிரசிடென்ட்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு நான் வெட்டாத வீடியோவைப் போட்டு, எது போயிருந்தது என்று காட்டினேன். அவர் இரண்டு சீட்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அளக்கறது அந்தம்மாவே அளக்கட்டும். அடுத்த விஷயம் என்னுங்க?" என்றார். அக்காவைப் பற்றி அன்றைக்கு நடந்த பேச்சு அவ்வளவுதான். அவர் கதவோரத்தில் இருந்து வந்து, மிச்சமிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெளியே வரும்போது என்னிடம், "புதுசா எடுத்தீங்கன்னா அந்தச் சும்மா இருக்கற நேரத்த மட்டும் வெட்டிப் போடாதீங்க தம்பி" என்றார்.

"சும்மா சுத்தறதப் பாத்துட்டு இருக்கறதுக்கு ஆளுக சலிச்சுக்க மாட்டாங்களா அக்கா?"

"சலிச்சுக்கட்டும். கேன் மூடியத் தொடைக்கச் சொல்லுங்க. எனக்கு அதுக்குத்தான் நேரம் கெடைக்கறதில்ல."

மறுபடி வைக்கோல் அறைக்குப் போனேன். எடை, கொழுப்பு, 'பதிவு செய்'. 'வட்டம் சுற்றும். அது நிற்கும்வரை எதையும் அமுக்க வேண்டாம். கேன் மூடியைத் துடைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு நானும் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, மூன்று பக்க வைக்கோலையும் தாண்டி, கதவிடுக்கு வழியாக மயில் கத்தியது. கத்தி முடியவும் சீட்டு வந்தது. வீட்டுக்குள் வந்து அந்தச் சத்தத்தை எடுத்துவிடலாம் என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். பின்னால் நின்று பார்த்த மனைவி, "உடுங்க, இப்பத்தான் நம்ம ஊராட்டம் இருக்குது" என்றாள். விட்டுவிட்டேன். ஒரு தும்மலும் அதில் தங்கிவிட்டது.

பெருமாட்டிப் பக்கம் சங்கத்துக்கு இன்னொரு கொள்முதல் இடம் இருக்கிறது. அங்கே அளக்கிறவருக்கும் இதே வீடியோதான் போனது. எனக்கு யாரும் போன் செய்யவில்லை. மென்பொருள்காரனுக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது.

போன வாரம் பால் ஊற்றப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் புதிதாகச் சேர்ந்தவர், பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். அக்கா பொத்தானை அமுக்கிவிட்டு, கேன் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, சீட்டைக் காணோம்? இன்னொருக்கா அமுக்கிப் பாருங்க."

அக்கா நிமிரவில்லை.

"இருங்க கண்ணு, மயிலு இன்னும் கத்தல."

அந்தப் புது ஆள் வெளியே பனைமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சீட்டு வந்தது.