சூசைதாசன் ஓட்டிக் காட்டிய யப்பான் படம்

ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் கீரைக்கட்டோடு நின்றபோதுதான் சொன்னார்கள், சூசைதாசன் விடியக்காலை கண்ணை மூடிவிட்டார் என்று. கீரையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நாடு விட்டு வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கிற எங்கட சனத்துக்கு அவர் பஸ் ட்ரைவர். எனக்கு அவர் படம் ஓட்டியவர். எழுத்துத் தெரியாதவன் நான். சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

மாதா கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு படம் போடுவார். நான் கதிரை அடுக்குவேன். சண்டையால் ஊருக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. ஒருமுறை, யப்பான் படப்பிடிப்பாளர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படம் கொண்டுவந்தார். அந்த மனுசர் செத்தவீடுகளுக்குப் போய், பெட்டியில் கிடப்பவரையும் சுற்றி நின்று அழுபவரையும் படம் பிடித்தவராம். சொந்த நாட்டிலேயே 'பிணந்தின்னி' என்று ஏசினார்களாம். மண்டபத் தலைவர் அருளப்பர் கதவுத் திறப்பைத் தர மறுத்துவிட்டார்.

"மாதா மண்டபத்தில பிணம் காட்டப் போறீரோ? உமக்கு வெட்கமில்லையோ?"

"தலைவர், உங்கட வீட்டு ஹோலில ரீவிக்கு மேல மாட்டியிருக்கிறது என்ன படம்?"

தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியாமற்போனவர் அருளப்பர். ஊர் வழக்கப்படி பெட்டியைச் சுற்றிச் சொந்தங்கள் நின்று எடுத்த படம்தான் தபாலில் வந்து சேர்ந்தது.

"அதை எடுத்தவனும் பிணந்தின்னியோ?"

திறப்பு மேசையில் விழுந்தது. "ஒரு றீல்தான். பிறகு லைட்டைப் போட்டுடுவன்."

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்தது. பாதிப்பேர் படம் பார்க்க, பாதிப்பேர் சண்டை பார்க்க. தலைவர் சுவிச்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். திரையின் அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. சூசைதாசன் மெஷினடியில் நின்று, ஒரு வரி விடாமல் தன் மன்னார்த் தமிழில் உரத்துச் சொன்னார்.

திரையில் முதல் பெட்டி வந்தது. கோயிலுக்குள் பெட்டி வந்தால் எழும்புகிற சனமல்லவா? மண்டபமே எழும்பி நின்றது. தலைவரின் கை சுவிச்சை விட்டு நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

"இருங்கோ, இருங்கோ! மறைக்குது!" என்று கத்தினார் சூசைதாசன். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

றீல் முடிந்தது. லைட் போடவில்லை. இருட்டுக்குள் தலைவரின் குரல்தான் கேட்டது: "மற்ற றீலைப் போடுமன், ஐசே!" மண்டபம் அதிரக் கைதட்டினோம்.

அவரை அறிந்தவர்களே, என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் குரல். அந்த யப்பான்காரர் தன் பாஷையில் என்ன கதைத்தாரோ தெரியாது. எனக்குள் அவர் இன்றைக்கும் சுத்த மன்னார்த் தமிழில்தான் கதைக்கிறார்.