ஐந்து முறை வற்றிய கடல்

அக்கா இறந்து இருபது நாளாகிறது. அதற்குள் அவளைக் கவனக்குறைவானவள் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிலத்தடிப் பாறைகளை ஆராயும் அலுவலகத்தில் அவள் கிடங்குக் காப்பாளர். தரையைத் துளைத்து எடுத்த பாறை, முழங்கை நீள உருளைகளாக மரப்பெட்டிகளில் வரும். எந்த ஆழத்தில் எடுத்தது என்று எழுதி, வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். உப்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள்.

"அக்கா, டீயில சர்க்கரை போதுமான்னு நக்கிப் பாத்துச் சொல்லுங்க" என்பார் அலுவலக டிரைவர்.

"உன் நாக்குதான் ஊருக்கே நீளம். நீயே பாத்துக்கோ."

கடலிலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்தில் போட்ட துளை ஒன்றில் உப்புப் பாறை வந்தது. அடியில் சிப்பி கலந்த களிமண், மேலே ஜிப்சம், அதற்கும் மேலே கண்ணாடி போல உப்பு. பிறகு மறுபடி சிப்பி. இப்படியே ஐந்து அடுக்கு. அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கடல் மட்டம் இறங்கினா, தண்ணி உள்ள வர்ற வாசல் அடைபட்டுப் போகும்டீ. உள்ள மாட்டின தண்ணிக்கு வெயில் மட்டும்தான், மழை கிடையாது. முதல்ல ஜிப்சம் படியும். பத்துல ஒரு பங்கா வத்தின பிறகுதான் உப்பு. மட்டம் ஏறினா கடல் திரும்ப உள்ள வந்துடும். அஞ்சு தடவை வந்திருக்கு, அஞ்சு தடவை செத்திருக்கு!"

உப்புப் பாறைக்கு நல்ல தண்ணீர் ஆகாது. துளையிடும்போதே உப்புக் கரைசலைத்தான் ஊற்றுவார்கள். அக்கா ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, மூடியில் 'தண்ணீர் படக்கூடாது' என்று சிவப்பில் எழுதினாள்.

என் பிரசவத்துக்கு ஒரு வாரம் லீவு எடுத்து வந்தாள். அந்த வாரம் மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று கிடங்கைப் பளபளப்பாக்கச் சொன்னார் இயக்குநர். மூடிகளைப் பெயர்த்து, பிளாஸ்டிக்கைக் கிழித்து, உருளைகளைத் தொட்டியில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார்கள். அக்கா திரும்பிப் போனபோது பெட்டிகளில் உப்பு இருந்த இடமெல்லாம் வெறும் பலகை.

"கல்லுதானேம்மா. கரையும்னு யாருக்குத் தெரியும்?" என்றாராம் இயக்குநர். பாறையைப் படித்துப் பட்டம் வாங்கிய மனிதர்!

ஒரு தாளை நீட்டினார். அந்த ஆழங்களில் பாறை துளையிடும்போதே நொறுங்கிப் போனது என்று அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்துதான். யாருக்கும் பிரச்சினை இல்லை."

"போட்டா, கடல் வத்தினதுக்குச் சாட்சியே இருக்காது சார். திரும்பத் துளை போட விடுவீங்களா?"

"அதுக்கெல்லாம் எவன் அனுமதி குடுப்பான்?"

அக்கா போடவில்லை. 'இயக்குநர் உத்தரவின்படி கழுவியதில் கரைந்தது' என்று பதிவேட்டில் எழுதினாள். மறுமாதம் அவளைத் தபால் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். அந்தத் துளையைப் பற்றிய அறிக்கை உப்பே கிடைக்கவில்லை என்று அச்சாகி வந்தது. அதை உறையில் போட்டு, முகவரி ஒட்டி அனுப்பியதும் அவள்தான். பதினொரு வருடம் அந்த மேசையில் பசை தடவினாள். ஒருவனும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

துக்கம் விசாரிக்க இயக்குநர் வந்தார். ஓய்வுபெற்றுத் தொப்பை போட்டிருந்தார். என் கணவரிடம், நான் கேட்கும்படியே சொன்னார்: "நல்ல பொம்பளை. அந்த உப்பு விஷயத்துலதான் கொஞ்சம் அஜாக்கிரதையா இருந்துட்டாங்க."

நான் எழுந்து எதிரே போய் நின்றேன்.

"அவ அன்னைக்கு அங்க இல்லவே இல்லை சார். ஆஸ்பத்திரியில என் பக்கத்துல இருந்தா. கழுவச் சொன்னது நீங்க."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சாவு வீட்டுல என்னம்மா இந்தப் பேச்சு?"

"வேற எந்த வீட்டுல சார் உங்களைப் பிடிக்கிறது? சொன்னதை வாபஸ் வாங்கிட்டுக் கிளம்புங்க."

அவர் வாங்கவில்லை. கிளம்பினார்.