கூரைத் தண்ணீரை அளந்தவன்

பருவம் தப்பிப் பெய்யும் மழைக்கு ஏற்ப விதைக்கச் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தில் கொழுந்தனுக்கு வேலை கிடைத்த நாள் முதல், அண்ணிக்கு அவனைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது. மில்லிமீட்டர் இல்லாமல் அவன் வாய் திறப்பதில்லை. ஊர் அவனை மில்லிமீட்டர் என்றே கூப்பிட்டது. அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

கணவன் போனபின் ஒற்றை ஆளாக ஒரு ஏக்கரைக் கட்டி மேய்ப்பவள் அண்ணி. போன வருஷம் இரண்டு விதைப்பு காய்ந்தது. கையில் மிஞ்சியது ஒரே மூட்டை சோள விதை. அதுவும் போனால் வருஷமே போச்சு.

ஒரு ராத்திரி லேசாகத் தூறியது. காலையில் எல்லோருடைய போனுக்கும் திட்டத்திலிருந்து செய்தி வந்தது: "மழை இருபத்தெட்டு மில்லிமீட்டர். இன்றே விதைக்கவும்." ஊரே கூடையோடு ஓடியது. அண்ணி மண்ணில் விரலை விட்டாள். இரண்டாவது கணுவுக்குக் கீழே வெறும் புழுதி.

நேரே திட்ட அலுவலகத்துக்கு நடந்தாள். மழைமானி சுவரோரம், தகரக் கூரையின் விளிம்புக்கு அடியில் நின்றது. கூரை முழுக்க விழுந்த தூறல் ஒழுகி அதற்குள் இறங்கியிருந்தது.

"இது ஏன் தம்பி இங்க நிக்குது?"

"வெட்டவெளில வச்சா தினம் வெயில்ல இறங்கணும் அண்ணி. இங்கன்னா ஜன்னல்லயே தெரியும்."

"அப்ப நீ அளந்தது மழை இல்ல, உன் கூரை. விதைக்காதீங்கன்னு இப்பவே செய்தி அனுப்பு."

"அறிக்கை போயிடுச்சே! மாத்தினா மேல என்ன நினைப்பாங்க?"

"நினைக்கிற ஆளா இருந்தா உன்னை வேலைக்கு வச்சிருப்பாங்களா?"

அவன் முகம் சுருங்கியது. "நீங்க விதைக்கலேன்னா முன்மாதிரி விவசாயி பட்டியல்ல உங்க பேரை அடிச்சிடுவேன்."

"அடி, அடி. கோடாவது நேரா வரட்டும்."

வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மூன்று பேர் கேட்டார்கள். மற்றவர்களுக்குப் போன் சொன்னதுதான் வேதம். பன்னிரண்டு நாள் கழித்து நிஜ மழை கொட்டியபோது அவர்கள் விதையெல்லாம் மண்ணுக்குள் வறுபட்டிருந்தது, மில்லிமீட்டரின் விதை உட்பட. அண்ணி அன்றுதான் மூட்டையைப் பிரித்தாள்.

பயிர் முழங்கால் உயரம் வந்ததும் வண்டியில் அதிகாரிகள் வந்தார்கள். கொழுந்தன் அவர்களை நேரே அண்ணியின் வயலுக்கு அழைத்து வந்தான்.

"நம்ம செய்தியைக் கேட்டு விதைச்ச வயல் சார். அண்ணி, நடுவுல நின்னு கொஞ்சம் சிரிங்களேன்."

"இது கேக்காத வயல். கேட்டது வரப்புக்கு அந்தப் பக்கம் பொட்டலா கிடக்கு, உன்னோடதுதான். அங்க நின்னு நீ சிரி."

அதிகாரிகள் பொட்டலைப் பார்த்தார்கள். பிறகு, ஒன்றுமே காதில் விழாதவர்கள் போல, பச்சை இருந்த பக்கமே கேமராவைத் திருப்பினார்கள்.

அண்ணி களைக்கொத்தை எடுத்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தாள். களை நிறைய இருந்தது.