ஸ்பீக்கருக்குப் பொருந்தாத பெட்டி

சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த என் மச்சான், பெட்டியில் துணிமணியைக் குறைத்துக்கொண்டு எனக்காக அடித்தொனிக்கென்றே உள்ள பத்து இன்ச் சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். பந்தல்குடியில் வயரிங் வேலை பார்ப்பவன் நான். என் நண்பன் காதர் வீட்டு ஸ்பீக்கர் பெட்டியை அளந்து, அதே அளவில் ப்ளைவுட் அறுத்து, முன்பக்கம் காற்றுக்குழாயும் வைத்தேன்.

மச்சானை உட்காரவைத்துப் பாட்டுப் போட்டேன். அடித்தொனியான பேஸ் வந்ததும், ஸ்பீக்கர் நடுவில் அதிரும் கோன் வெளியே துள்ளி, 'டக் டக்' என்று இடித்தது. கருகல் வாடை வந்தது. ஓடிப்போய் அணைத்தேன். மச்சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காதர் வந்து, ஸ்பீக்கரோடு வந்த தாளைப் படித்தான்.

"ஏலே, இதுக்கு இருபத்தெட்டு லிட்டர்ல மூடுன பொட்டின்னு போட்டுருக்கு. நீ ரெண்டு மடங்கு செஞ்சு, ஓட்டையும் போட்டு வச்சுருக்க. உள்ள காத்து இறுக்கமா இருந்தாத்தான கோனப் புடிச்சு நிறுத்தும்?"

குழாயை அடைத்து, உள்ளே பலகைத் தடுப்பு வைத்து, பெட்டியின் கொள்ளளவைப் பாதியாக்கினேன். நல்லவேளை, ஸ்பீக்கரின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயில் முழுதாகக் கருகவில்லை. மறுபடி பாட்டுப் போட்டேன்.

"இப்ப நல்லாருக்கு மாப்ள" என்றார் மச்சான்.

இப்போது யார் பெட்டி செய்யச் சொல்லி ஸ்பீக்கர் கொண்டுவந்தாலும் தாளைப் படித்து, உள்ளளவைக் கணக்கிட்ட பிறகே பலகையில் கோடு போடுகிறேன். தாள் இல்லையென்றால் பெட்டி செய்ய ஒப்புக்கொள்வதில்லை.