முத்துலட்சுமி சொல்லாத பெயர்

கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்றபோது ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் வந்து சொன்னார்: "நம்ம முத்துலட்சுமி மேடம் பூட்டாங்களாம் சார். மூளைக்காய்ச்சலாம்." முப்பத்து நான்கு வயது. ஒரகடம் ஆலையில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு அவரை ஸ்டோர்ஸில்தான் தெரியும். அவர் அங்கே போனது என்னால்.

அதற்கு முன் ஆலையின் மென்பொருள் பிரிவில் நாங்கள் இருவர்தான். ஷிப்ட் மாறினாலோ ரத்தானாலோ தொழிலாளர்களின் போனுக்குச் செய்தி அனுப்பும் சர்வர் புரோகிராமை ஜாவாஸ்கிரிப்டில் நான் எழுதியிருந்தேன். கோவில்பட்டிக்காரரான முத்துலட்சுமி அந்த நிரல் வரிகளை, எங்கள் பேச்சில் கோடை, படித்துவிட்டு வந்தார்.

"அண்ணே, ஷிப்ட் பார்க்குற கோடே மெசேஜ் அனுப்புற இணைப்பையும் தானே உள்ள உருவாக்கி வச்சுக்கிடுது. அதை நாம வெளிய இருந்து கொடுக்கணும். டெஸ்ட் பண்ணும்போது, அனுப்புற மாதிரி நடிக்கிற ஒண்ணைக் கொடுத்துக்கிடலாம்லா."

டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று அதற்குப் பெயர். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் கோடில் அவர் குறை சொன்னது பிடிக்கவில்லை. "ஓடுறதை ஏன் நோண்டணும்?" என்றேன்.

"டெஸ்ட்லயும் நிஜமாவே ஓடுறதுதாம்ணே பயம்," என்றார்.

அந்த வாரம் என் லேப்டாப் பழுதுபார்க்கப் போயிருந்தது. முத்துலட்சுமி சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய கணினியில் உட்கார்ந்து, ஷிப்ட் ரத்தாகும் பகுதியைச் சோதித்தேன். கோடு தனக்குள் வைத்திருந்த நிஜ இணைப்பு வழியே செய்தி எல்லோருக்கும் போய்விட்டது: 'இன்று இரண்டாம் ஷிப்ட் கிடையாது.' அது தவறு என்று மறுசெய்தி போவதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறைமலை நகரிலிருந்து வரும் கம்பெனி பஸ்கள் பாதி காலியாக வந்தன. மறுநாள் வடக்குப்பட்டுத் தொழிலாளி ஒருவர் அலுவலக வாசலில் கத்தினார்: "நீங்களே மெசேஜ் அனுப்பிட்டு, ஏன் வரலன்னு எங்களயே கேட்டுகினு கீறீங்க. இன்னா சார் நியாயம் இது?"

செய்தியை அனுப்பியவராகக் கணினிப் பதிவில் இருந்தது முத்துலட்சுமியின் பெயர். மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நான் கேன்டீன்ல இருந்தேன் சார்," என்றார் முத்துலட்சுமி.

"அப்ப உங்க சிஸ்டத்துல உட்கார்ந்தது யாரு?"

முத்துலட்சுமி என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். அவர் மேலாளரிடம் திரும்பி, "லாக் பண்ணாமப் போனது என் தப்பு சார்," என்றார். அடுத்த திங்கட்கிழமையே ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

பிறகு அவர் சொன்ன விதமாகவே கோடை மாற்றி எழுதினேன். மேலாளர் பாராட்டினார். கூசாமல் வாங்கிக்கொண்டேன். ஒரு காலையில் கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து திரும்பி முத்துலட்சுமி கேட்டார்: "வெளிய இருந்து கொடுக்குற மாதிரி மாத்திட்டீகளாண்ணே?"

"ஆமா."

"நல்லது. இனி வேற யாரும் மாட்ட மாட்டாங்க."

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதன்பின் நான்கு ஆண்டுகள் அதே பஸ்ஸில் போய்வந்தோம்.

சாவுச் செய்தி வந்தபின் கோவில்பட்டிக்குப் போய் அவர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும் சார். அந்த அண்ணன் ஒருநா தானாச் சொல்லிருவாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பா," என்றார்.

நேற்று மேலாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். என்மேல் முத்துலட்சுமி வைத்திருந்த அந்த நம்பிக்கை மட்டுமே அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தவரை அதற்கு நான் தகுந்தவனாக இருக்கவில்லை.