பனி தள்ளும் தகடு

எங்கள் அப்பாவால் சும்மா உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். பட்டாளத்திலிருந்து ஊருக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான் என்று அம்மா சொல்வாள். அதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான்.

திருச்சுழிக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவே, பஸ் போகும் ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். கரிசல் காடு. பருத்தியும் கம்பும் போட்டுவிட்டு வானத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், மழைக்கே வழியில்லாத அந்த ஊரில், பனி தள்ளும் வண்டி ஒன்று இருந்தது. சொன்னால் நம்ப மாட்டார்கள். அது எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது.

மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை, பங்களாத் தோட்டத்தில் புல் வெட்ட வைத்திருந்த குட்டி டிராக்டர் அது. துரை கப்பலேறிய பிறகு கைமாறிக் கைமாறி, அருப்புக்கோட்டைப் பட்டறை ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்தது. அப்பா அதை வாங்கிவந்து ஓட வைத்தார். உயரத்தில் எருமைக் கன்றுக்குட்டிதான். சத்தம் மட்டும் லாரிக்குச் சமம்.

ஓட ஆரம்பித்ததும் ஊரே வந்து கலப்பை மாட்டச் சொன்னது. அப்பா வேண்டாவெறுப்பாக ஒரு கலப்பையும் மண் நிரவ ஒரு பலகையும் செய்து கொடுத்தார். அவர் மனசு வேறெங்கோ இருந்தது. ஓர் எண்ணெய் பீப்பாயை நெடுக வெட்டி, வளைந்த பாதியை டிராக்டருக்கு முன்னால் மாட்டினார். அதன் அடி விளிம்பில் லாரியின் இரும்பு வில்பட்டையைப் பற்றவைத்தார். தகட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைத்தார், தள்ளுகிற பனி ஓரமாக ஒதுங்க வேண்டுமாம். பின்னால் இரண்டு கனத்த ஸ்பிரிங். கல்லில் முட்டினால் தகடு மடங்கிக்கொள்ளும், வண்டி உடையாது என்று எனக்கு ஆசையாகக் காட்டினார். வடக்கே மலை ரோடுகளில் அவர் பனி தள்ளும் வண்டிதான் ஓட்டியிருந்தார். எங்களுக்குத் தெரிந்த பனி மார்கழியில் புல்நுனியில் நிற்பது. அது இடுப்பளவு விழும் என்றால் யார் நம்புவார்கள்?

ஒவ்வொரு புரட்டாசியிலும் கலப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தகட்டை மாட்டுவார். மாட்டியதும் திருப்தி வராது. கழற்றுவார், எண்ணெய் விடுவார், மறுபடி மாட்டுவார். மத்தியான வெயிலில் ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். டீக்கடையில் கேட்பார்கள்.

"என்ன பட்டாளத்தாரே, இந்த வருசமாச்சும் விழுமா?"

"விழுந்த பெறகு மாட்டக் கூடாதுப்பா. விழுறதுக்கு முன்னாடியே மாட்டி நிக்கணும்."

அவர்கள் சிரிப்பார்கள், அப்பாவும் கூடச் சிரிப்பார். எனக்குத்தான் மானம் போகும்.

அப்பாவுக்கு ஒரே தங்கை, என் அத்தை. தாத்தா காலமாகிவிட்டதால் அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அப்பா. வந்த வரன்களை எல்லாம், அண்ணன் பட்டாளத்திலிருந்து வரட்டும் என்று தள்ளிவிட்டுக் காத்திருந்தவள். கடைசியில் மல்லாங்கிணற்று மாப்பிள்ளை அமைந்து, ஐப்பசியில் எங்கள் வீட்டிலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று.

பல வருஷமாக ஏமாற்றிய மழை, கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பிடித்துக்கொண்டது. விடியும்போதுதான் விட்டது. பந்தலுக்குள் தேங்கிய தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஒருவன் முழங்கால் வரை சேற்றோடு ஓடிவந்தான்.

"மாப்பிள்ளை வீட்டு வேனு ஓடைப் பள்ளத்துல சிக்கிக்கிச்சு. அங்கிட்டும் போகல, இங்கிட்டும் வரல."

அப்பாவின் முழங்கால் ஆட்டம் நின்றது. அதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிராக்டரைக் கிளப்பினார். தகடு மாட்டியே இருந்தது. கேலி பேசின வாய்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. என் அப்பா என்று கத்த வேண்டும் போல எனக்குப் பெருமை.

பெருமை கொஞ்ச நேரம்தான் நின்றது. பனி தகட்டில் வழுக்கி ஒதுங்குமாம். கரிசல் சேறு அப்படியா ஒதுங்கும்? களி கரண்டியில் அப்பிக்கொள்வதுபோலத் தகடு நிறைய அப்பிக்கொண்டது. அப்பா இறங்கி மண்வெட்டியால் வழித்துப் போட்டுவிட்டு ஏறுவார், இரண்டு முழம் நகர்வார், மறுபடி இறங்குவார். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மாப்பிள்ளை வீட்டார், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பருத்திக்காட்டு வரப்பில் ஏறி நடந்தே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையை இரண்டு இளவட்டங்கள் மாற்றி மாற்றி உப்புமூட்டை சுமந்தார்கள். வீட்டு வாசலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவி, எல்லாரும் பந்தலில் உட்கார்ந்தாயிற்று. அப்பா மட்டும் வரவில்லை.

"முகூர்த்தம் தாண்டப் போகுது. ஓடிப் போயி உங்கப்பாவக் கூட்டியா" என்று அம்மா என்னை விரட்டினாள்.

அவர் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தார். வேனுக்கும் அவருக்கும் நடுவே பாதி தூரம் பாக்கி இருந்தது.

"அப்பா, எல்லாரும் வந்துட்டாக. வாங்க."

"தள்ளி நில்லு. உள்ள ஆளு இருக்காக."

நான் சேற்றில் இறங்கிப் போய் வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு தாம்பாளமும் யாரோ விட்டுப்போன துண்டும் கிடந்தன. திரும்பி வந்து சொன்னேன்.

"ஒருத்தருமே இல்லப்பா. நான் பாத்துட்டேன்."

"அன்னைக்கும் ஆளு இல்லன்னுதான் சொன்னாங்க" என்றார். என்னைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், கூட்டம் கேட்கிற மாதிரி, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒன்றுவிட்ட பெரியப்பா தோள்துண்டை உதறிவிட்டு எழுந்தார்.

"கிறுக்குப் பய. அவன் வராட்டி என்ன, நான் தாரை வாக்குறேன்."

அம்மாவுக்கும் அத்தைக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. எனக்கு அதை அம்மா சொன்னது நான் பிள்ளை பெற்ற பிறகு. மலை ரோட்டில் ஒரு வண்டி பனிச்சரிவில் புதைந்துவிட்டதாம். பனி தள்ளப் போன அப்பாவிடம், அது காலி வண்டி, ஆட்கள் முன்பே இறங்கிவிட்டார்கள், திரும்பி வா என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். அப்பாவும் திரும்பிவிட்டார். மறுநாள் தோண்டிக் கதவைத் திறந்தபோது உள்ளே ஆட்கள் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார்கள்.

அத்தை மணையிலிருந்து எழுந்தாள். கூறைப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கழுத்து மாலையோடு பந்தலை விட்டு வெளியே நடந்தாள். பெண்கள் அலறினார்கள். மாப்பிள்ளை மட்டும், "போயிட்டு வரட்டும், நேரம் போனா போகுது" என்றார். அத்தை பருத்திக்காடு வழியாகச் சுற்றிப் போய், அப்பா கண்ணில் படாமல் அந்தப் பக்கமாக வேனில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தை உள்ள இருக்கேன்னு அப்பாட்டச் சொல்லு" என்றாள், பின்னாலேயே ஓடிப்போன என்னிடம்.

சொன்னேன். "நாந்தான் சொன்னேன்ல" என்றார் அப்பா.

அதன் பிறகு அவர் அவசரப்படவில்லை. தள்ளினார், வழித்தார், தள்ளினார். தகடு வேனின் படிக்கட்டில் இடித்தபோது ஸ்பிரிங் மடங்கிக்கொண்டது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கிக் கதவைத் திறந்தார். உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

"வந்துட்டியாண்ணே" என்றாள் அத்தை.

அப்பா வேன் படியில் உட்கார்ந்து, சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய ஆள் ஒருவர் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அத்தை அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளைக் கைபிடித்து இறக்கி, டிராக்டர் மட்கார்டில் உட்கார வைத்து, தான் வெட்டிய வழியிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னால் நடந்தேன்.

முகூர்த்தம் தாண்டித்தான் தாலி ஏறியது. அப்பா தாரை வார்த்தார். அவர் கைச் சேறு தாம்பாளத் தண்ணீரைக் கலக்கியது.

சாயங்காலம் அத்தையை மடக்கிக் கேட்டேன்.

"எதுக்கு அத்தை கல்யாணத்த விட்டுட்டுப் போயி வேன்ல உக்காந்தீங்க?"

"உங்கப்பா ஒரு ஆளையாச்சும் இறக்கிக் கூட்டியாரணும்ல."

"அதான் எல்லாரும் முன்னாடியே இறங்கிட்டாகளே!"

அத்தை தன் தலையிலிருந்து ஒரு கண்ணி மல்லிகையை எடுத்து என் சடையில் செருகினாள். எனக்கு எரிச்சல் அடங்கவே இல்லை. அந்த வேனுக்குள் எட்டிப் பார்த்தவள் நான் ஒருத்திதான். உள்ளே யாருமே இல்லை என்று அடித்துச் சொன்னேன். கல்யாண வீட்டில் ஒருவருக்காவது அதைக் கேட்கக் காது இருந்ததா?